கைக்குப் பழக்குகிறவர்

கப்பலூரில் டவுன் பஸ் ஏறிய அந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் வளையல் இல்லை, தலையில் பூ இல்லை, நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். என் மடியில் மகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அவள் பிடரியிலும் வயிற்றிலும் விரல்களை ஓடவிட்டார். பிள்ளை அழுகையை மறந்து சிரித்தாள்.

"எங்கக்கா கத்துக்கிட்டீங்க?"

"மருந்து சோதிக்கிற கம்பெனியில எலிகளுக்குத் தெனமும் இப்படித்தான் கிச்சுக்கிச்சு மூட்டுவேன். அதுகளும் சிரிக்கும், நம்ம காதுக்குத்தான் கேக்காது. கூண்டைத் தொறந்தா கைக்கு ஓடியாரும்."

"பரவாயில்லையே, அதுகளுக்கும் ஒரு சந்தோசம்."

"பயந்த எலின்னா சோதனை தப்பாயிரும்ல. அதான் மொதல்ல பயத்தைப் போக்குறது."

"சோதனை முடிஞ்சதும்?"

"கொன்னு அறுத்துப் பாப்பாங்க. அன்னைக்கும் நான்தான் தூக்கிக் குடுக்கணும். வேற கைன்னா மெரண்டுரும்."

டிக்கெட்டைச் சுருட்டியபடியே சொன்னார். திருநகரில் இறங்க அவர் எழுந்தபோது, என் மகள் இரண்டு கைகளையும் நீட்டி அவரிடம் தாவினாள். அவர் சட்டென்று கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"பிள்ளையப் பிடிச்சுக்க தங்கச்சி" என்றார்.

என் மகள் இன்னமும் யார் கூப்பிட்டாலும் தாவுகிறாள். நான்தான் முதலில் அவர்கள் கைகளைப் பார்க்கிறேன்.