மொட்டை மாடியில் ஒரு காற்றாலை... வேண்டுமா?

போன மாதம் நானும் என் கணவரும் திருவானைக்காவலுக்கு ஒரு காற்றாலையைப் பார்க்கப் போனோம். ஒரு வீட்டு மொட்டை மாடியில், கம்பத்தின் மேல், மூன்று இறக்கைகளோடு அழகாக இருந்தது. சுற்றத்தான் இல்லை.

எதற்குப் போனோம்? ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு கொள்ளிடக்கரைப் பக்கம். ஆடி மாதம் துணி காயப்போட்டால் கிளிப்போடு பறந்து பக்கத்துத் தெருவில் விழும். இவ்வளவு காற்று சும்மா போகிறதே என்று இவருக்கு ஆதங்கம். இன்வெர்ட்டர் பேட்டரியும் அந்த நேரம் பார்த்து மண்டையைப் போட்டது. மாடியில் சின்னதாக ஒரு காற்றாலை வைத்தால், புது பேட்டரிக்கு அதுவே சார்ஜ் ஏற்றிவிடும் என்று முடிவு கட்டிவிட்டார். யூடியூபில் இவர் பார்த்த காற்றாலை எல்லாம் சுற்றிக்கொண்டேதான் இருந்தன!

இவருக்கு ஆஸ்துமா. ராத்திரி திடீரென்று இழுப்பு வந்தால் நெபுலைசர் வைத்தாக வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போன ராத்திரிகளில் நான் தூங்குவதே இல்லை. இவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். பயம்தான், வேறென்ன? அதனால் காற்றாலையோ எதுவோ, வந்தால் சரி என்றிருந்தேன்.

அந்த வீட்டுக்காரர் அருள்ராஜ், ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாம் சொன்னார். சுற்றும்போது மாடி அதிர்வது, கீழ் போர்ஷன்காரர்கள் முகம் கொடுத்துப் பேசாதது... வருஷம் முழுக்க ஓடுமா என்று இவர் கேட்டார்.

“ஆடியில பிச்சு உதறுதுங்க. சித்திரையில புறாதான் வந்து உட்காருது.”

காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். எனக்குப் பாவமாக இருந்தது — ஆசைப்பட்ட மனுஷன் இல்லையா? எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“காத்தே இல்லாத புழுக்கத்துலதான் எனக்கு இழுப்பு வருது. அன்னைக்குப் பார்த்து அதுவும் நின்னுட்டா?”

அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? புது பேட்டரி வாங்கினோம். அதற்கு மாடியில் சோலார் பேனல் போட்டோம். சித்திரையில் காற்று நம்மை ஏமாற்றலாம். திருச்சி வெயில் ஏமாற்றுமா?

ஒரு பொருள் ஜோராக ஓடும் நாளைப் பார்த்துத்தான் நாம் மயங்குகிறோம். நமக்குத் தேவைப்படும் நாளில் ஓடுமா என்று கேட்கத் தோன்றுவதில்லை.

போன வியாழக்கிழமை ராத்திரி ரொம்ப நேரம் கரண்ட் இல்லையாம். காலையில் இவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.