மூடிய ஸ்ரேஷன்கள்

மங்கையற்கரசி ரொறொன்ரோவின் மல்வேர்னில் குடியேறி முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் ஒருநாள்கூட அவர் சப்வேயில் ஏறியதில்லை. டவுன்ரவுனில் அலுவல் இருந்தால் பஸ் மாறிப் பஸ் மாறிப் போவார். "உவவுக்கு நிலத்துக்குக் கீழை மூச்சு முட்டுமாம்" என்று கணவர் உயிரோடிருந்த காலத்தில் சொந்தக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். மங்கையற்கரசியும் சேர்ந்து சிரித்து அந்தக் கதையை அத்தோடு விட்டுவிடுவார்.

போன மாரியில் மகள் கஜனிக்கு பேர்லினில் ஓர் இசைக்குழுவில் வியோலா வாசிக்க இடம் கிடைத்தது. அந்த ஊரில்தான் மங்கையற்கரசியின் ஒரே தம்பி இராஜரட்ணம் இருக்கிறார். தன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார், இருதய ஒப்பரேஷனுக்கு முன்னும் "ஒருக்கா வந்திட்டுப் போ அக்கா" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரு சாட்டுச் சொன்னார். இப்போது மகளும் "என்னோடை வாங்கோ அம்மா" என்று நின்றபோது சொல்லச் சாட்டு எதுவும் அகப்படவில்லை.

கஜனி புறப்படுமுன் ரொறொன்ரோவில் வாசித்த கடைசிக் கச்சேரி ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. அன்று காலையிலிருந்தே பனி கொட்டியது. பஸ்கள் ஊர்ந்தன.

"பஸ்ஸிலை போனா கொன்சேர்ட் முடிஞ்சிடும். சப்வேயிலை போவம். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ. ப்ளீஸ் அம்மா."

மகளின் முகத்தைப் பார்த்து அவரால் மறுக்க முடியவில்லை.

கெனடி ஸ்ரேஷனில் ஏறினார்கள். முதல் சில ஸ்ரேஷன்கள்வரை வெளியே வெளிச்சம் தெரிந்தது. பிறகு ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியது. மங்கையற்கரசி கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று முணுமுணுத்தபடி வந்தார். யங் ஸ்ரேஷன் தாண்டியதும் ஓர் அறிவித்தல் கேட்டது. பாதையில் திருத்த வேலை நடப்பதால் ரயில் வேறு தண்டவாளத்தில் போகும், அடுத்த ஸ்ரேஷனில் நிற்காது.

ரயில் மெல்லமாகியது. அவர் கண்ணைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே, பாவனையில் இல்லாத பழைய பிளாட்பாரம் ஒன்று நகர்ந்தது. ஆட்கள் இல்லை. மங்கலான விளக்குகள். ஒரு தூணருகே யாரோ ரோர்ச் லைற்றோடு நின்றார். அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, இருந்தவர்களின் முகங்களைத் தடவிக்கொண்டு போனது.

"குனி! தலையைக் குனி!" என்று கத்தியபடி மங்கையற்கரசி மகளின் கழுத்தைப் பிடித்து இருக்கைக்குக் கீழே அமத்தினார். வியோலாப் பெட்டி சரிந்து விழுந்தது. ரயில் பெட்டியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா! வட் ஆர் யூ டூயிங்? அது வேர்க்கர், அம்மா. ஓறேஞ் வெஸ்ற் போட்டிருக்கிறார்."

"எழும்பாதை. அவங்கள் பாக்கிறாங்கள்."

அடுத்த ஸ்ரேஷனில் கஜனி தாயைக் கைத்தாங்கலாக இறக்கி ஒரு வாங்கில் இருத்தினாள். தாயின் உடம்பு விறைத்துப் போயிருந்தது. தண்ணீர் குடித்துச் சற்றுத் தெளிந்த பிறகு, கணவருக்கும் சொல்லாத கதையை அந்த வாங்கில் இருந்தே மகளுக்குச் சொன்னார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. அவருக்கு இருபத்தொரு வயது, தம்பிக்குப் பத்தொன்பது. ஊரில் தமிழ்ப் பொடியன்களை ஆமி பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன காலம். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கினார்கள். நகரத்தின் நடுவே மதில். ஆனால் பிரீட்றிக்ஸ்ராஸே என்ற ஸ்ரேஷனில் கடவுச்சீட்டைக் காட்டிக் கீழே இறங்கினால் மேற்குக்குப் போகும் சுரங்க ரயில் கிடைக்கும் என்று அவர்களை அனுப்பிவைத்த ஏஜென்ற் சொல்லியிருந்தான்.

அந்த ரயில் மேற்குக்காரருடையது. ஓடிய பாதையோ கிழக்கின் நிலத்துக்குக் கீழே. இடையில் இருந்த ஸ்ரேஷன்களின் வாசல்களைக் கிழக்கு அரசாங்கம் தன் சனம் தப்பிப்போகாதபடி அடைத்துவிட்டிருந்தது. பேய் ஸ்ரேஷன்கள் என்று அந்த ஊர்ச் சனம் சொல்லும். ரயில் அவற்றில் நிற்காமல் ஊர்ந்து போகும். இருட்டில் துவக்கோடு ஆமிக்காரர் நிற்பார்கள்.

"எங்களுக்கு ஒருத்தரும் உதைச் சொல்லேல்லை. ஒருத்தன் ரோர்ச் அடிச்சுக்கொண்டு ரயிலோடையே நடந்து வந்தான். தம்பியை இறக்கப் போறாங்கள் எண்டுதான் நான் நினைச்சன். அவனைப் பிடிச்சு சீற்றுக்குக் கீழை தள்ளிப்போட்டு, கோட்டாலை மூடிக்கொண்டு இருந்தன். முன்னாலை ஒரு வெள்ளைக்கார மனுசி. கத்தப் போறா எண்டு நினைச்சன். அவ தன்ரை மரக்கறிப் பையைத் தூக்கித் தம்பியின்ரை காலுக்கு முன்னாலை வைச்சா. பிறகு வேறை பக்கம் பாத்துக்கொண்டு இருந்தா."

"அவங்கள் மாமாவைப் பிடிச்சிருப்பாங்களோ?"

"தெரியாது. அவங்கள் ஒண்டும் செய்யேல்லை. ஆனா இண்டைக்கும் கண்ணை மூடினா அந்த லைற் என்ரை முகத்திலை படுது."

கஜனி தாயின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் படியேறி, பனியில் நடந்தே மண்டபத்துக்குப் போனார்கள். மங்கையற்கரசி வாசல் கதவை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்கி அதில் இருந்தார். மகள் வாசித்ததில் பாதிகூட அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் தம்பிக்குப் போன் எடுத்தார். நாற்பது வருடங்களாக இருவரும் அந்த ரயிலைப் பற்றிக் கதைத்ததேயில்லை.

"இப்ப எல்லா ஸ்ரேஷனும் திறந்திட்டாங்கள் அக்கா" என்றார் இராஜரட்ணம். "ஒண்டிலை அந்த நாளையப் படங்களை மாட்டி வைச்சிருக்கிறாங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்து பாக்குதுகள். அந்த லைனிலைதான் நான் இருபது வருசமா வேலைக்குப் போனனான்."

"உனக்குப் பயமில்லையே?"



"ஜன்னல் பக்கம் ஒருநாளும் இருக்கமாட்டன்" என்றார் தம்பி.

மங்கையற்கரசி சுவரில் சாய்ந்து நின்றார். தனக்கு மட்டும்தான் இது என்று இத்தனை காலம் நினைத்திருந்தார்.

"கஜனியோடை நானும் வாறன்" என்றார் கடைசியில். "ஆனா என்னைக் கீழை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதை. எயார்போட்டுக்குக் காரோடை வா."

"ஓம் அக்கா. வாசலிலையே நிப்பன்."

அவர் போனை வைத்ததும் கஜனி கொம்பியூட்டரைத் திறந்து பேர்லினுக்கு இரண்டு ரிக்கற் போட்டாள்.