குழாய் ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்னது நான்தான்

மீஞ்சூரில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருப்பவர் என் பிக்கப்பின் கதவைப் பிரித்து, உள்தகரத்தில் கறுப்பு ஷீட் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது சரியில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொரு வயதில் அப்படியொரு பரபரப்பு எனக்கு வரும் என்று நினைத்ததே இல்லை.

"சார், நீ செத்த குந்து. உன் நெழலு வேலை மேல வுழுது."

"இந்த ஷீட் எதுக்கு?"

"தகரம் சார் இது. நீ பாட்டு வெச்சா இதுவும் கூட சேர்ந்து பாடும். இத ஒட்டிட்டா கம்முனு கெடக்கும்."

முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். ஒலி என்கிற பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. நான் கரும்பலகையில் எழுதியதை ஒருவர் கையால் செய்து காட்டியபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. கதவுக்கு ஒன்றாக இரண்டு பெரிய ஸ்பீக்கர், டாஷ்போர்டில் இரண்டு சின்னது, இருக்கைக்குப் பின்னால் ஒரு பேஸ் பெட்டி, அதற்கென்று ஒரு ஆம்ப்ளிஃபையர். பேட்டரியிலிருந்து விரல் தடிமனில் ஒரு சிவப்பு ஒயர் நேராக வந்தது. அந்த ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

கடைசியில் அவர் கேபின் கூரையைக் காட்டினார். "மேல கீற கொழாய இன்னா பண்றது? வுட்டுடவா?"

"கழட்டிடுங்க. தகரத்துல பேசற மாதிரி ஒரு குரல் அது. போதும்."

"எறாகாரங்களக் கூப்புடணுமே சார்?"

"இந்தப் பாட்டைப் போட்டா, இறால் பிடிக்கிறவங்களுக்கு நான் வந்தது தெரியாதா?"

"மீஞ்சூருக்கே தெரியும்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குழாயை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

வண்டியில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றி ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். முதல் தவில் அடியில் இருக்கை என் முதுகைத் தட்டியது. நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பது தனியாகக் கேட்டது. வீட்டுக்குப் போகும் வளைவைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பினேன். அந்தப் பெட்டி இன்றும் என் வண்டியில் இருக்கிறது. கேட்டால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அதை மறைத்தால் இங்கே நான் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல்தான் பிக்கப் வாங்கினேன். தோணிரேவுப் பக்கம் ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்களிடம் வாங்கி, ஐஸில் போட்டு மீஞ்சூர் சந்தைக்குக் கொண்டுபோவேன். அவர்கள் கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பேச முடியாது. நான் கரையிலிருந்து குழாயில் கூப்பிட்டால் ஒரு கையைத் தூக்குவார்கள். 'கேட்டது, வருகிறேன், நில்' என்று அர்த்தம். ஐஸ் உருகும் என்பதால் கை தூக்கியவர்களுக்கு மட்டும் காத்திருப்பேன்.

புதுப் பெட்டியோடு போன முதல் நாள் கரையில் திருவிழாதான். ஒவ்வொருவராகக் கேபினில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"ஐய! வயித்துக்குள்ளாறயே தவிலு அடிக்குதுடி!"

"எறங்குடி, போதும். ரெண்டு பாட்டு கேட்டா உனக்கு வலி எடுத்துக்கும்!"

கேபினில் உட்கார்ந்து அந்தக் கேலியைக் கேட்டவள் ஒரு நிறைமாதக்காரி. இறங்கவே மாட்டேன் என்று சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு கதவையும் திறந்துவைத்து முழுச் சத்தத்தில் பாட்டுப் போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். தூரத்தில் ஒரு தலை மட்டும் தெரிந்தது. எப்போதும் எல்லாரையும் தாண்டி ஆழத்துக்குப் போகிறவர் அவர். ஆறு வருடமாக எனக்குத்தான் இறால் போடுகிறார். கை எழவில்லை.

"வருவா சார், செத்த நில்லு," என்றார் ஒரு அம்மா.

"ஐஸ் நிக்காதும்மா," என்று கிளம்பிவிட்டேன்.

வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். அந்த மாதம்தான் சைக்கிளில் வந்து இறால் வாங்கும் ஒரு வியாபாரி தலைகாட்டத் தொடங்கியிருந்தார். அந்தச் சைக்கிள்காரருக்குத்தான் இவர் விற்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் நான் போனபோது, ஆழத்துக்குப் போகும் அந்தப் பெண் கரையோரத் தண்ணீரிலேயே இருந்தார். நான் வண்டியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினேன்: "நேத்து யாருக்கு வித்த? ஆறு வருஷம் பழகினதுக்கு இதுதான் மரியாதையா?"

அவர் என்னைப் பார்த்தார். கூடை பல்லில் இருந்தது. பேசவில்லை. குற்றம் செய்தவள், அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். "திருட்டுத்தனம் பண்றவங்களோட எனக்கு வியாபாரம் வேணாம்," என்றும் சொன்னேன். கரையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவர் திரும்பி ஆழத்தை நோக்கி நடந்தார்.

முந்தின நாள் என்னை நிற்கச் சொன்ன அம்மா என் முன்னால் வந்து நின்றார். "இன்னா சார் பேசற நீ? நேத்து அவ கரைக்கு வந்தப்போ நீயும் இல்ல, ஐஸும் இல்ல. கூடை எறாவும் தலை கறுத்துக் கெட்டுப் போயி அப்புடியே கொட்டுனா. வூட்ல ஒல வெக்கல."

"நான் கூப்பிட்டேனே!"

"எங்க கூப்ட்ட? வண்டிக்குள்ள நீயே பாடிக்கினு கீற."

நான் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போதும் எனக்கு ஒரு உற்சாகம் இருந்தது. என் பெட்டி தோற்காது என்று காட்டப் போகிறேன்! முழுச் சத்தம் வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினேன். நாற்பது அடியில் நாதஸ்வரம் போய்விட்டது. இன்னும் கொஞ்ச தூரத்தில் தவில் மட்டும் யாரோ தலையணையைத் தட்டுவது போலக் கேட்டது. எதிரே கடற்காற்று. இடுப்பளவு தண்ணீரில் நின்று காதைக் கையால் குவித்துக் கேட்டேன். தண்ணீர்ச் சத்தம் தவிர ஒன்றுமில்லை.

குழாய், சத்தத்தை ஒரு திசையில் குவித்துத் தூரம் அனுப்புவதற்காகச் செய்யப்பட்டது. என் பெட்டி, கேபினுக்குள் இருப்பவன் காதுக்காகச் செய்யப்பட்டது. இதைப் பரீட்சையில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.

பத்தடி தள்ளி, நான் திட்டிய அந்தப் பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதும்மா," என்றேன். "உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவர் கூடையை வாயிலிருந்து எடுத்தார். "நடு ஏரில சொன்னா யாருக்கு சார் கேக்கும்? எங்க நின்னு கத்துன?"

"கரையில."

"அங்க வந்து சொல்லு."

சேற்றில் கால் புதைய அவர் பின்னாலேயே வந்தேன். பாட்டை நிறுத்தினேன். அதே பத்துப் பேர் இருந்தார்கள். சைக்கிள்காரரும் அப்போதுதான் வந்து தராசை எடுத்துக்கொண்டிருந்தார். "இவங்க திருட்டுத்தனம் எதுவும் பண்ணல. கூப்பிடாம போனவன் நான். வாய்க்கு வந்ததைப் பேசினதும் நான்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"கேட்டுக்கினேன்," என்றார் அவர். பிறகு நேரே சைக்கிள்காரரிடம் போய்க் கூடையை நீட்டினார். "இந்தாண்ணா, எடை போடு."

சைக்கிள்காரர் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"அவர இன்னாத்துக்குப் பாக்கற? போடுண்ணா." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "வேற ஆளுக்கு வித்துட்டேன்னு சொன்ன இல்ல? இப்போ விக்கறேன். நல்லா பாத்துக்கோ சார்."

கரை முழுக்கச் சிரித்தது. நிறைமாதக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இறால் தட்டில் விழுந்து துள்ளியது. அத்தனையும் உயிரோடு இருந்தது. எடை முடியும்வரை நான் அங்கேயே நின்று பார்த்தேன்.