யானைக் கொட்டகைக்குப் பக்கத்துக் கூண்டு

"யானை எங்கேம்மா?" என்று கேட்டு வருகிறவரின் கையிலிருந்து நுழைவுச்சீட்டை என் தங்கை வாங்குவாள். அதன் ஒரு மூலையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி மடித்துத் திருப்பிக் கொடுப்பாள். "யானை செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. சொந்தக்காரங்க பக்கத்துலதான் இருக்காங்க, வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போங்க" என்பாள். வந்தவர் சிரிப்பதா, சீட்டுக் காசைத் திருப்பிக் கேட்பதா என்று தீர்மானிப்பதற்குள் அவள் நடக்கத் தொடங்கியிருப்பாள். பெரும்பாலும் பின்னாலேயே போய்விடுவார்கள்.

என் தங்கை இன்ஷிராஹ்வுக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் ஊர் மிருகக்காட்சிசாலையில் இருபத்தோரு ஆண்டுகளாகக் காப்பாளர் வேலை. கெய்ரோவில் இருப்பதைப் போல எங்களுடையது பெரியதல்ல. ஒரு சிங்கம், இரண்டு ஒட்டகச்சிவிங்கி, குரங்குகள், வாத்துக் குளம். யானை சுல்தானா இறந்த பிறகும் வாசல் பலகையில் அதன் படத்தை யாரும் அழிக்கவில்லை. புது யானை வரப்போகிறது என்று இயக்குநர் டாக்டர் லுத்ஃபி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் காலிக் கொட்டகையைத் தினமும் கழுவினார்கள். தொட்டியில் தண்ணீரும் நிரப்பினார்கள்.

அந்தக் கொட்டகையை ஒட்டி, பாறைகளை அடுக்கிக் கட்டிய கம்பிக் கூண்டில் பதினோரு வபர்கள் இருக்கின்றன. சினாய் மலைப் பாறைகளில் வாழும் பிராணி இது. பூனை அளவுதான், ஆனால் உயிரின வகையில் யானைக்கு நெருங்கிய சொந்தம். காய்ந்த பழுப்பு ரொட்டியின் நிறம். வால் கிடையாது. கழுத்து எங்கே என்று தேட வேண்டும். முதன்முதலாகப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் "எலி" என்பார்கள், மீதிப்பேர் "காதறுந்த முயல்" என்பார்கள்.

காப்பாளர்கள் யாரும் இந்தக் கூண்டைக் கேட்டு வாங்குவதில்லை. சிங்கத்திடம் நின்றால் படம் எடுக்கிறவர்கள் இனாம் தருவார்கள். வபரிடம் நின்றால் என்ன கிடைக்கும்? தூங்குகிற சிங்கத்தைப் படத்துக்காகக் காப்பாளர்கள் கழியால் குத்தி எழுப்புவதை இன்ஷிராஹ் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கண்டித்தாள். அடுத்த வாரமே அவளை இங்கே மாற்றிவிட்டார்கள். சிங்கக் காப்பாளர் ஃபிக்ரி இப்போதும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சீண்டுவார்.

"உன் எலிங்க எல்லாம் சௌக்கியமா இன்ஷிராஹ்?"

"சௌக்கியம்தான் ஃபிக்ரி அண்ணே. உன் பூனை பால் குடிச்சுதா?"

அவளுடைய காக்கிச் சட்டையை நான்தான் தைத்துத் தருகிறேன். மற்றவர்கள் சட்டையில் இரண்டு பை இருக்கும். அவளுக்கு ஐந்து வேண்டும். ஒன்றில் யானைத் தந்தத்தின் ஒரு படம், இன்னொன்றில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வபர்ப் பல். இரண்டையும் அருகருகே உள்ளங்கையில் வைத்துக் காட்டுவாள். மூன்றாவதில் சமையலறையில் அறுத்தெடுத்த ரப்பர்த் துண்டு. "இதைத் தொட்டுப் பாருங்க. வபரோட பாதம் இப்படித்தான் இருக்கும். வியர்த்து வியர்த்துப் பாறையைப் பிடிச்சுக்கும். உங்க வீட்டுக்காரருக்கு வியர்த்தா சட்டைதான் நாறும், இதுக்கு வியர்த்தா மலையே ஏறும்." நான்காவது பையில் கொறிக்கப் பூசணி விதை. ஐந்தாவது எதற்கென்று நான் கேட்டதில்லை, பொத்தான் மட்டும் நன்றாகத் தைத்துக் கொடுத்தேன்.

கதை சொல்வதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ரமலான் மாதத்துத் தொலைக்காட்சித் தொடர்களில்தான் கற்றாள். முப்பது நாளும் நோன்பு திறந்த கையோடு எல்லா வீடுகளிலும் தொடர் ஓடும். கதாநாயகி கதவைத் திறக்கிற இடத்தில் அன்றைய பகுதி முடிந்துவிடும். இன்ஷிராஹ்வும் அப்படித்தான் முடிப்பாள். பதினோரு வபருக்கும் பெயர் வைத்திருக்கிறாள். உச்சிப் பாறையில் காவலுக்கு நிற்பவர் அஃபந்தி. விடியும் முன் கரகரத்த குரலில் பாடிப் பெண் கேட்கிற வாலிபன் ஹம்தி. அவனைத் திரும்பியும் பார்க்காத பத்ரியா, கடைசியில் ஒருநாள் திரும்பிப் பார்த்தாள். "பார்த்தாளா? பார்த்துட்டு என்ன பண்ணினா?" என்று ஒரு டாக்சி ஓட்டுநர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க ஹாஜி" என்றாள். வந்தார். மனைவியையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சீட்டில் எத்தனை மடிப்போ அத்தனை பகுதி கேட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குக் கணக்கு. பழைய சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு.

கண்டதை மட்டுமே சொல்வாள். ஒரே ஒருமுறை தவறினாள். பத்ரியா கருவுற்றிருக்கிறாள் என்ற பகுதியில், கூட்டம் வாய்பிளந்து கேட்ட உற்சாகத்தில், "யானை மாதிரியே இதுவும் இருபத்திரண்டு மாசம் சுமக்கும்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு உறுத்தியது. மறுநாள் மிருக மருத்துவரிடம் போய்க் கேட்டேன். அவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஏழரை மாதம். அதை எழுதிவந்து அவளிடம் கொடுத்தேன். முகம் சுருங்கிப்போனது. அடுத்த கூட்டம் சேர்ந்ததும் முதல் வார்த்தையாக, "போன வாரம் நான் சொன்னது தப்பு. அக்கா கண்டுபிடிச்சுட்டா. ஏழரை மாசம்தான். ஆனா இதே அளவு பூனைக்கு ரெண்டு மாசம் போதும், நினைச்சுப் பாருங்க" என்றாள்.

"அப்ப எங்களை ஏமாத்தினியா?" என்று ஒரு கிழவர் அதட்டினார்.

"ஏமாத்தினதைச் சொல்லிட்டேன்ல? நீங்க மாமியைக் கட்டிக்கிட்டு வந்தப்ப உங்க வயசைச் சரியா சொன்னீங்களா மாமா?"

கிழவரின் மனைவிதான் அதிகம் சிரித்தாள். பலரும் அங்கேயே விரல்விட்டு எண்ணினார்கள். ஏழரை மாதம் என்றால் ஷம்முன்னஸீம் வசந்தத் திருநாளை ஒட்டிக் குட்டி பிறக்கும்.

திருநாளுக்குப் பதினைந்து நாள் முன்பு டாக்டர் லுத்ஃபி அவளை அலுவலகத்துக்கு அழைத்தார். வபர்க் கூண்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் காற்றடைத்த சறுக்குமரம் வைக்கப் போகிறார்களாம். வபர்கள் பின்கட்டுக்குப் போகும். பின்கட்டு என்றால் வெயில் படாத பெட்டிகள் அடுக்கிய முற்றம். போன குளிர்காலத்தில் அங்கே போன முள்ளம்பன்றி ஜோடியைப் பற்றி இன்று யாருக்கும் எதுவும் தெரியாது. காலை வெயிலில் அரைமணி நேரம் காயாவிட்டால் வபருக்கு உடம்பே சூடாகாது.

"ஜனங்க எதைக் கேக்கிறாங்களோ அதைத்தான் நான் வைக்க முடியும், இன்ஷிராஹ். எலியைப் பார்க்க யாரு வர்றா?"

"திருநாள் அன்னைக்கு நீங்களே வந்து பாருங்க டாக்டர். கூட்டம் இல்லைன்னா கம்பியை நானே அறுத்துத் தர்றேன்."

வீட்டுக்கு வந்ததும் இதை என்னிடம் சொன்னாள். அந்தப் பதினைந்து நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் மட்டும், "எடை குறைக்கிறேன், ஹம்தியே என்னைப் பார்த்துப் பாட ஆரம்பிச்சுட்டான்" என்பாள்.

திருநாள் வந்தது. எங்கள் ஊரில் அன்று யாரும் வீட்டில் இருப்பதில்லை. புல்வெளி முழுக்கக் குடும்பங்கள் பாய் விரித்து, உப்பில் ஊறிய ஃபிஸீக் மீனைப் பிரித்து, வண்ண முட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தன. மீன் வாடை சிங்கத்தையே எழுப்பிவிட்டது. இன்ஷிராஹ் காலையிலேயே பாய் பாயாகப் போய், "லெட்டூஸ் கீரையோட வெளி இலையைத் தூக்கிப் போடாதீங்க, பிள்ளைத்தாய்ச்சிக்கு வேணும். வெங்காயத்தாள் மட்டும் வேண்டாம், அவளுக்கு ஆகாது" என்று வாங்கி வந்தாள். பத்து மணிக்குக் கூண்டின் முன் இருநூறு பேர் இருந்தார்கள். நான் வரிசை வரிசையாக எண்ணினேன். டாக்சி ஓட்டுநரும் இருந்தார். பத்ரியா பாறை இடுக்குக்குள் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. குட்டி பிறந்ததா என்று இன்ஷிராஹ்வுக்கே தெரியாது.

அவள் தொடங்கினாள். "மூணு நாளா கதவு திறக்கலை. ஹம்தி வெளியில உக்காந்துக்கிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவுல நிக்கிற புருஷன் மாதிரி..."

அப்போதுதான் மேலே உச்சிப் பாறையில் அஃபந்தி கூர்மையாக ஒருமுறை கத்தினார். கண் இமைப்பதற்குள் மற்ற ஒன்பதும் பாறைக்குள் மறைந்தன. அஃபந்தியும் இல்லை. கூண்டில் வெறும் கல்லும் லெட்டூஸ் இலையும்தான். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். புல்வெளிக்கு மேலே, திருநாளுக்கென்று பிள்ளைகள் விட்ட காகிதப் பட்டங்கள். ஒரு சிவப்புப் பட்டத்தின் நிழல் கூண்டின் மேல் இறக்கை விரித்துப் போய்வந்தது. நாங்கள் ஆண்டுதோறும் பட்டம் விடுகிறோம். அதைப் பருந்து என்று நினைக்கிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு என்பது யாருக்கும் தோன்றியதில்லை. என் தங்கைக்கும்தான்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் லுத்ஃபி வந்தார். கூடவே அளவு நாடா பிடித்த ஓர் ஆள். காலிக் கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு இருவரும் பின்பக்க மூலையில் நாடாவைப் பிரித்தார்கள்.

இன்ஷிராஹ் வெளிறிப்போனாள். ஆனால் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினாள், மெதுவாக. "அஃபந்தி பருந்தைப் பார்த்துட்டார். அது காகிதம்னு அவருக்குத் தெரியாது. தெரியாம இருக்கிறதுதான் அவர் வேலை. நூறு தடவை காகிதத்துக்குப் பயந்தாலும் பரவாயில்லை, ஒரு தடவை நிஜப் பருந்தை விட்டுட்டா வீடே போச்சு. இப்ப அவர் உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கார். நாம சும்மா இருந்தா வருவார். வரலைன்னா நான் என்ன செய்ய முடியும்?"

ஒரு சிறுமி ஓடினாள். "பட்டத்தை இறக்குங்கடா! பிள்ளைத்தாய்ச்சி பயந்துட்டா!" என்று புல்வெளியெங்கும் அவள் குரல் கேட்டது. "எவ அவ?" "வபரு!" "எலிக்காகவா?" "எலியாம்! யானையோட சொந்தம்டா முட்டாளே!" ஒவ்வொன்றாகப் பட்டங்கள் இறங்கின. கடைசியாக அந்தச் சிவப்பு. டாக்சி ஓட்டுநர் தன் கைப்பேசியை அணைத்தார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையின் வாயில் முட்டையைத் திணித்தாள். இருநூறு பேர் மீன் தின்ற வாயோடு சத்தமில்லாமல் நின்றோம். என் கடிகாரத்தில் பதினேழு நிமிடம்.

முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. அஃபந்தி வெளியே வந்து வானத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சூரியனையே நேராகப் பார்த்தார். பிறகு உச்சிக்கு ஏறினார். அடுத்து ஹம்தி. அப்புறம் இடுக்கிலிருந்து பத்ரியா, முதுகுமயிர் சிலிர்க்க. அவளுக்குப் பின்னால் மூன்று குட்டிகள், கண் திறந்து, ரோமம் முழுதாக முளைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் மூன்று முழு வபர்கள். அவற்றில் ஒன்று அம்மாவின் முதுகில் ஏறப் பார்த்துச் சறுக்கி விழுந்தது. கூட்டம் மூச்சை மட்டும் விட்டது.

பின்வரிசையில் டாக்டர் லுத்ஃபி எக்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. நாடாக்காரரின் தோளைத் தொட்டு, அலுவலகத்தில் பேசுகிற அதே உரத்த குரலில், "சுருட்டுப்பா. இதை விட்டுடு. யானை எதுவும் வரப்போறதில்லை, அந்தக் கொட்டகையை அளந்துக்கோ" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் என் தங்கை பதினைந்து நாளாகக் காத்திருந்தாள். இரண்டாவது குட்டி அப்போது முதுகில் பாதி ஏறியிருந்தது. பேசியது யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை மட்டும் பின்னால் நீட்டி, ஐந்து விரல்களையும் நுனியில் குவித்து, மேலும் கீழும் இரண்டுமுறை அசைத்தாள்: கொஞ்சம் பொறுங்கள்.