கேட்பதற்கும் ஒரு சீட்டு

ஐம்பதுகளில் நான் பெங்களூர் கண்டோன்மெண்டில் டெலிபோன் ஆபரேட்டர். யாராவது ரிசீவரை எடுத்தால் என் போர்டில் விளக்கு எரியும். கேட்ட நம்பருக்கு வயரைச் செருகி இணைப்பேன். ஒரு ஸ்விட்சைத் தள்ளினால் அவர்கள் பேசுவது எனக்கும் கேட்கும். பேசி முடித்துவிட்டார்களா என்று பார்க்கத்தான் அது, ஊர்க்கதை கேட்க அல்ல.

ஒரு டிசம்பரில் ரயில் பாதையில் யாரோ குண்டு வைத்தார்கள். அங்கே டெலிபோன் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த எங்கள் லைன்மேன் ஒருவருக்கு ஒரு கை போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். காக்ஸ் டவுனில் ஒரு டாக்டர் வீட்டில் தொழிற்சங்கத்துக்காரர்கள் கூடுகிறார்களாம். அந்த நம்பரில் யார் என்ன பேசினாலும் எழுதித் தரவேண்டும் என்றார். சூப்பர்வைசர் அம்மாவும் தலையாட்டினார். எனக்கு டெம்பரரி வேலை. அப்பா படுத்த படுக்கை. வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

மூன்றாம் நாள் ஏதோ பேக்கரி போனிலிருந்து ஒருவர், “டாக்டர், ரெடி ஆயிடுச்சு. சாயங்காலம் நானே எடுத்துக்கினு வரேன்” என்றார். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

பேசியவர் எங்கள் தெருத் தையல்காரர். ரெடியானது டாக்டரின் கிறிஸ்துமஸ் கோட்டு. போலீஸ் கடையைப் புரட்டிப் போட்டு, தைத்தது தைக்காதது எல்லாவற்றையும் மூட்டை கட்டி, அவரையும் கொண்டுபோனது. ஐந்து நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தெருப்பிள்ளைகள் பழைய சட்டையில் சர்ச்சுக்கு வந்தன. தையல்காரரின் மனைவி எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எனக்குப் பாட்டு வாயில் வரவில்லை. சீ, நீயும் ஒரு மனுஷியா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த முறை போலீஸ்காரர் வந்தபோது டிரங்க் கால் சீட்டு ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தேன். எங்களிடம் மெட்ராஸுக்கு ஒரு கால் போடுவதானாலும் யாருக்கு, எத்தனை மணிக்கு, போட்டது யார் என்று சீட்டில் எழுதவேண்டும். சீட்டு இல்லையென்றால் கால் இல்லை.

“அடுத்தவங்க பேச்சைக் கேக்குறதுக்கு மட்டும் சீட்டு வேணாமா சார்? எந்த நம்பர், எதுக்கு, எத்தினி நாளைக்கு, யார் உத்தரவு, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. குண்டு வெச்சவனை நானே கேட்டுப் புடிச்சுக் குடுக்கறேன்.”

“ஏனம்மா, இது தேச விஷயம். இதுக்கெல்லாம் கையெழுத்தா?”

“தேச விஷயம்னா பேரைப் போட என்ன பயம் சார்?”

சூப்பர்வைசர் அம்மா என்னைத் தனியே இழுத்துப்போனார். “தவளை தன் வாயால கெடும்டி. உன் பர்மனென்ட் ஆர்டர் மேலே போயிருக்கு, ஞாபகம் இருக்கா?”

“கெட்டா கெட்டுட்டுப் போறேன் மேடம்.”

தினமும் வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக வெற்றுச் சீட்டு ஒன்றை சூப்பர்வைசர் அம்மாவின் மேஜையில் வைத்தேன். டாக்டரின் நம்பரில் காது கொடுக்கவே இல்லை. கையெழுத்துப் போட ஒரு ஆளும் முன்வரவில்லை. பத்து நாளில் போலீஸ்காரரும் வருவதை நிறுத்திக்கொண்டார். என் பர்மனென்ட் ஆர்டர் இரண்டு வருஷம் வரவில்லை. வராவிட்டால் போகட்டும், சீட்டு இல்லாமல் இனி கேட்பதில்லை என்று இருந்தேன்.

தையல்காரரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், எழுதிக் கொடுத்தது நான்தான் என்றேன். அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

“கோட்டு ரெடியானா இனிமே நடந்தே போய்ச் சொல்லிக்கிறேம்மா” என்றார்.

“போன்லயே சொல்லுங்கண்ணே. இப்ப யாரும் கேக்கறதில்ல. சத்தியமா.”

அவர் மறுபடி கத்திரிக்கோலை எடுத்தார்.

“அன்னிக்குக் கேக்கறாங்கன்னும் யாரும் சொல்லலியேம்மா.”