யார் வீட்டில் விடிந்தது?

அக்கா கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். கடையில் தக்காளி பொறுக்கவே அரை மணி நேரம் எடுப்பவள், ஆராய்ச்சி செய்வதோ தேர்ந்தெடுப்பதைப் பற்றி.

"ஒவ்வொரு நொடிக்கும் ஒரு மதிப்பு இல்லடா, ஒரு கூடை மதிப்பு இருக்கு. ஒவ்வொரு கூடையிலேருந்தும் ஒண்ணு எடுக்கணும்."

"எடுத்துட்டுப் போயேன். யார் தடுத்தா?"

"எடுத்ததெல்லாம் சேர்ந்து அளக்கிற மாதிரி இருக்கணும். கண்டபடி எடுத்தா அளக்க முடியாது."

எனக்குத் தலை சுற்றும்.

ஒருமுறை அவள் கட்டுரை திரும்பி வந்தது. ஒவ்வொரு நொடியிலும் வேண்டிய விடையைத் தரும் தேர்வு உண்டு என்று காட்டியிருந்தாள். அவை சேர்ந்தால் அளக்க முடியுமா என்று காட்ட மறந்திருந்தாள். இரண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா போய், அப்பாவுக்கு மறதி தொடங்கியிருந்த சமயம் அது. அண்ணன், அக்கா, நான், மூவரும் சாயங்காலம் போனில் பேசுவோம். நாளைக்கு யாருக்குத் தோதோ அவர் வீட்டுக்கு அப்பாவும் அவர் பையும் போவார்கள். ஒரு நாள்கூட அவரைத் தனியே விட்டதில்லை என்று எங்களுக்குக் கர்வம் வேறு.

ஒரு விடியற்காலை என் வீட்டில் அப்பா சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். விளக்கு சுவிட்சைத் தேடியிருக்கிறார். உடுப்பு நனைந்திருந்தது.

"இது யாரு வீடுங்க?" என்று என்னிடம் கேட்டார்.

அந்த 'ங்க' என்னை அழவைத்துவிட்டது.

அக்காவிடம் சொன்னேன்.

"ஒவ்வொரு நாளும் சரியாத்தான்டா எடுத்தோம். சேர்த்துப் பார்க்கல. கட்டுரையில விட்ட அதே ஓட்டை."

"இப்ப கட்டுரையா முக்கியம்?" என்று எரிந்து விழுந்தேன்.

"கேளு. கண்ணு முழிச்சா எங்க இருக்கோம்னு அவருக்குத் தெரியணும். அதான் விடை. அதுலேருந்து பின்னாடி போ. ஒண்ணை அசையாம வச்சுக்கணும், ஒவ்வொரு தடவையும் அதுக்குக் கிட்ட இருக்கறதை எடுக்கணும். நாம அப்பாவையே அசைச்சுட்டோம்."

பூட்டிக் கிடந்த அப்பாவின் வீட்டைத் திறந்தோம். நாங்கள் வேலைக்குப் போன பிறகு அவரும் அம்மாவும் வாங்கிய வீடு. இப்போது பையும் கையுமாக அலைவது நாங்கள். அண்ணன் முணுமுணுத்தான், ஆனால் வந்தான். கட்டுரையையும் அக்கா அதே வழியில் திருத்தி அனுப்பிவிட்டாள்.

நான் தங்கிய முதல் நாள், விடியுமுன் எழுந்து இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"கதவுக்குப் பின்னாடி பாருடா."