எல்லைக்கு அங்காலை பதினொரு முட்டை

ஒஸ்லோவில் ஹொல்ம்லியாவுக்கு வந்து அருளானந்தன் வீடு எது என்று கேட்டீர்களென்றால் ஆட்கள் தலையைச் சொறிவார்கள். ‘சுவீடன் அருள்’ என்று கேளுங்கள், சின்னப்பிள்ளையும் கதவடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் விடும். ஆருடைய வீட்டில் பிறந்தநாள் என்றாலும், சுவீடனுக்கு எல்லை தாண்டிப் போய் மலிவாக இறைச்சி அள்ளிக்கொண்டுவர முதல் ஆளாகக் காரை எடுக்கிறவர் அவர்தான். பெற்றோலுக்குக்கூடக் கை நீட்டமாட்டார். “இப்பிடியும் ஒரு மனுசன் இருக்கோ!” என்று சனம் மெச்சும். அட, மனுசன் கோழிக்கா போனார்? பாம்புக்கல்லவோ போனார்!

சிரிக்காதேயுங்கோ. அந்தக் காலம் நோர்வேயில் வீட்டில் பாம்பு வளர்க்கத் தடை. எல்லைக்கு அங்காலை, சுவீடனில், தாராளமாக வளர்க்கலாம். அதனால் அருளின் பாம்புகள் இரண்டும், ஒரு கடுவன், ஒரு பெட்டை, ஸ்ட்ரோம்ஸ்டாட் நகரத்துக்குக் கிட்ட பிரிட்டா என்ற பெண்ணின் பண்ணைவீட்டுப் பின்னறையில் குடியிருந்தன. பதினெட்டு வருசத்துக்கு முதல் அகதியாக வந்து நின்ற அருளை உள்ளே விட்ட நாடு, அவருடைய பாம்பை விடவில்லை. இதைச் சொல்லிச் சொல்லித் தனக்குள்ளேயே சிரித்துக்கொள்வார், பிறகு முகம் வாடிப்போகும்.

மன்னாரில் இருந்தபோது பாம்பைக் கண்டால் பொல்லுத் தேடின ஆள் இவர். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மாரியில், இறைச்சி வாங்கப் போன இடத்தில் கார் பனியில் சறுக்கிப் பிரிட்டாவின் வேலியில் போய் இடித்தது. உதவி கேட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவள் தோளில் ஏழடிப் பாம்பு! ஓடுவமென்றால் கால் வரவில்லை. “விசமில்லை, தொட்டுப் பார்” என்றாள் அவள். நம்மூர்ச் சாரைக்குச் சொந்தக்கார இனம். மஞ்சள் உடம்பு, கண்ணுக்குப் பின்னால் மை கீறினதுபோல ஒரு கறுப்புக் கோடு. வழுவழுவென்று குளிரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு தொட்டார். காய்ந்து, இளஞ்சூடாக, பட்டுத்துணிபோல இருந்தது. அன்றைக்கு மயங்கின மனுசன் மயங்கினவர்தான், பிறகு ஒரு சோடி வாங்கி அவளிடமே வளர்க்க விட்டார்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறு மணியிலிருந்து யந்திரங்களின் இரைச்சல். பக்கத்தில் நிற்பவனோடு கதைக்கிறதென்றாலும் கத்தவேண்டும். கிழமை முழுக்க அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டுச் சனிக்கிழமை அந்தப் பின்னறையில் போய் நிற்பார். பெட்டை மெல்ல மெல்லக் கையில் ஏறி, முழங்கையைச் சுற்றி, நாக்கால் அவரை மணந்து பார்க்கும். எவ்வளவு நிம்மதி! ஆனால் அரை மணித்தியாலம்தான். கடையில் விட்டுவிட்டு வந்த ஆட்கள் காத்துக்கொண்டு நிற்பார்களே.

மூன்று வருசமாகப் பெட்டை முட்டை இட்டது. மூன்று முறையும் வேலை நாளில் பார்த்துத்தான் பொரித்தது. பிரிட்டா தொலைபேசியில் சொல்வாள். இவர் போய்ச் சேரும்போது குஞ்சுகள் சின்னப் பெட்டிகளுக்குள் கிடக்கும், பாதியை வாங்கின ஆட்கள் கொண்டும் போயிருப்பார்கள். அவர் ஆசைப்பட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. முட்டையைக் கீறிக்கொண்டு முதல் மூக்கு வெளியில் வருவதை ஒருக்கால் கண்ணால் காணவேண்டும். காணும்போது பக்கத்தில் றோஸ் நிற்கவேண்டும்.

றோஸ் அவர் மனிசி. பாம்பு விசயம் தெரிந்த ஒரே ஆள்.

“கோயில் சுரூபத்திலை மாதா காலாலை மிதிச்ச பாம்பை நீங்கள் கையாலை தூக்கிறியள்!” என்று ஏசுவாள். சுவீடனுக்கு வந்தாலும் பண்ணைவீட்டு வாசலில், காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செபமாலையோடு இருப்பாள். இறங்கமாட்டாள். அவரும் ஒவ்வொரு முறையும், “ஒருக்கால் வந்து பாரன்” என்று கேட்பார். ஏழு வருசமாக ஒரே பதில்தான்.

இரண்டாயிரத்தாறாம் ஆண்டு ஆவணி. ஞாயிற்றுக்கிழமை மன்னார் மடுமாதாவின் திருநாள் பூசை, பூசை முடியக் கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் சாப்பாடு. கோழிக்கறிப் பொறுப்பு அருளுக்கு. ஒரு ஆள் பத்துக் கிலோ இறைச்சிதான் எல்லை தாண்டிக் கொண்டுவரலாம் என்பதால், நாற்பது கிலோவுக்கு முதல் நாள் சனிக்கிழமை நாலு பேர் காரில் ஏறினார்கள்: அருள், றோஸ், சமையலுக்குப் பொறுப்பான பிலேந்திரன், அவர் மனிசி மரியரஞ்சனி. புருசன் பெண்சாதி இருவரையும் கடையில் இறக்கிவிட்டு, “ஒரு சிநேகிதியைப் பாத்திட்டு வாறம்” என்று அருள் பண்ணைக்கு விட்டார்.

சூட்டுப் பெட்டிக்குள், ஈரப் பாசியின்மேல், பதினொரு முட்டை. முட்டை இட்டு அறுபத்திரண்டாம் நாள். அருள் குனிந்து பார்த்தார். ஒரு முட்டையில் கத்தி வைத்ததுபோல மெல்லிய கீறல்!

“இனி எப்ப வெளியிலை வரும்?” என்று பிரிட்டாவைக் கேட்டார்.

“இன்றைக்கும் மூக்கை நீட்டலாம், நாளைக்கும் நீட்டலாம். அவசரப்படுத்த ஏலாது.”

மூன்று மணிக்கு வெளிக்கிட வேண்டும். பின்னேரம் கோழி வெட்டி, உப்பு மஞ்சள் பிரட்டி வைக்கவேண்டும். பிலேந்திரனுக்குக் கார் ஓடத் தெரியாது. அருள் அரை மணித்தியாலம் நின்றார், ஒரு மணித்தியாலம் நின்றார். கீறல் கீறலாகவே கிடந்தது. பிலேந்திரன் இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். கடைசியில் அருள் வெளியில் வந்து, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுதுவிடுவார்போல இருந்தது முகம்.

“என்னப்பா?” என்றாள் றோஸ்.

“முட்டை கீறிப்போட்டுது றோஸ். இந்த முறையும் எனக்குக் குடுத்துவைக்கேல்லை.”

றோஸ் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த மனுசன் தகப்பன் செத்த செய்திக்கும் இப்படி நின்றதில்லை. செபமாலையைக் கழுத்தில் போட்டாள், கதவைத் திறந்தாள், இறங்கினாள்.

“நீங்கள் போங்கோ. நான் நிண்டு பாக்கிறன்.”

“நீயோ?”

“ஆரோ ஒரு ஆள் எங்கடை பக்கத்தாலை நிக்கத்தானே வேணும்? பெரிய ரெண்டும் பூட்டிக் கிடக்கோ, அதை மட்டும் சொல்லுங்கோ.”

கடையடியில் பிலேந்திரன் குதித்தார். “றோஸுக்குத் தலையிடியாம், சிநேகிதி வீட்டிலை படுத்திருக்கிறாவாம்! ஒரு ஆள் குறைஞ்சால் பத்துக் கிலோ குறையுமெல்லோ! சனத்துக்கு எலும்பையோ போடுறது?” அருள் வாங்கின நாற்பதில் பத்துக் கிலோவைத் திருப்பிக்கொண்டுபோய்ப் பிரிட்டாவின் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, முப்பது கிலோவோடு ஒஸ்லோவுக்குத் திரும்பினார்.

அன்றிரவு றோஸ் இரண்டு முறை தொலைபேசி எடுத்தாள். ஒன்றுமில்லை. பிரிட்டா கோப்பி தந்தவள், நல்ல மனிசி, அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம். பூசை முடிந்து, மண்டபத்தில் சனம் சாப்பாட்டுக் கோப்பையோடு வரிசையாக நிற்கிறது. அருள் கறிச்சட்டிக்குப் பின்னால் கரண்டியோடு. சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

“வந்திட்டுதப்பா!” என்றாள் றோஸ். “முதலாவது முழுசா வெளியிலை வந்திட்டுது. இன்னும் நாலு தலையை நீட்டிக்கொண்டு என்னைப் பாக்குதுகள்.”

“எப்பிடி இருக்கு? சொல்லு.”

“ஈரமா, பென்சில் தடிப்பிலை இருக்கு. கண்ணுக்குப் பின்னாலை கோடு, நீங்கள் சொன்ன அதே கோடு. பிரிட்டா என்ரை கையிலை வைச்சுப்போட்டாள். கடிச்சுப்போட்டுதப்பா!”

“ஐயோ!”

“நோகேல்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்ப விரலுக்குள்ளை சுத்திக்கொண்டு கிடக்கு. உதறோணும்போலை இல்லை.” மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “அருள், நீங்களெல்லோ என்ரை பக்கத்திலை நிண்டிருக்கோணும். ஏழு வருசம் என்னை வா வா எண்டு கூப்பிட்டியள். நான் காருக்குள்ளை இருந்திட்டன்.”

அருள் கரண்டியைச் சட்டிக்குள் அப்படியே வைத்திருந்தார். முன்னால் நின்றவர் கோப்பையை நீட்டியபடியே நின்றார். “என்ன அண்ணை, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை,” என்று அவருக்குக் கறியை ஊற்றிவிட்டு, அருள் தொலைபேசியைக் காதோடு இறுக்கிப் பிடித்தார்.

“வைச்சிடாதை றோஸ். மற்ற நாலும் வருமட்டும் சொல்லிக்கொண்டு நில்.”